விமானி இருக்கையிலிருந்து வயரிங் ஏணிக்கு: வன்னியில் மின்தொழில் தொடங்குவோருக்கு

கடந்த இரண்டு ஆண்டுகளில் ஏழு பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் துணை விமானி. நால்வர் வளைகுடா விமானங்களில் பணியாளர்களாக இருந்தவர்கள். இருவர் விமானங்களைப் பழுதுபார்த்தவர்கள். எல்லோருக்கும் வீடு வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில், அல்லது முல்லைத்தீவுப் பக்கம். "முப்பது வயதுக்கு மேல் ஒரு கைத்தொழிலைப் பழகி ஊரிலேயே பிழைக்க முடியுமா?" என்று கேட்டார்கள். முடியும். நான் பிழைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இப்போது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான் வெளிநாட்டில் டர்போபுரொப் எனப்படும் உந்துவிசிறி விமானத்தில் ஆறு ஆண்டுகள் துணை விமானியாகப் பறந்தேன். 2020 இல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது மூன்று வரி மின்னஞ்சலோடு வேலை முடிந்தது. அப்போது எனக்கு 33 வயது. இன்று கிளிநொச்சியைச் சுற்றி வீட்டு வயரிங்கும் தோட்டக் கிணற்று மோட்டர் வேலையும் செய்கிறேன். ஆகவே இதை மின்தொழிலை வைத்தே எழுதுகிறேன். வேறு தொழிலை எடுப்பவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் பறப்பை ஒழுங்காக மூடுங்கள்

கோபத்திலோ துக்கத்திலோ பழைய தாள்களைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு ஊருக்கு வராதீர்கள். விமானி என்றால் பறப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கம் வரை நிறுவனத்தின் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். நிறுவனம் மூடப்பட்ட பிறகு அந்த மணி நேரங்களை உறுதிப்படுத்த ஆள் கிடைக்காது. வணிக விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி 200 மணி நேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150. அடுத்த பெரிய உரிமத்துக்கு 1500. அந்த மணி நேரங்கள் உங்கள் குடும்பம் காணி விற்றோ நகை அடகு வைத்தோ வாங்கிக் கொடுத்தவை. அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது நன்றிக்கடன்.

உரிமப் புத்தகம் கையில் இருப்பதும் பறக்கத் தகுதியோடு இருப்பதும் ஒன்றல்ல. முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குக் குறைந்தவருக்கு 12 மாதம் செல்லும். பயணிகளோடு தலைமை விமானியாகப் பறக்க, கடந்த 90 நாட்களுக்குள் மூன்று புறப்பாடும் மூன்று தரையிறக்கமும் வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சி நான்காம் நிலை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்தாம் நிலை என்றால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. இவற்றை உயிரோடு வைத்திருக்கப் பணம் போய்க்கொண்டே இருக்கும். எனவே ஒரு திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை புதுப்பிப்பேன், பிறகு விட்டுவிடுவேன் என்று முடிவு செய்யுங்கள். நான் இரண்டு ஆண்டு என்று குறித்தேன். அந்த இரண்டு ஆண்டும் ஏணியில் நிற்கும்போதெல்லாம் மனம் பலாலி விமான நிலையத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. திகதி கடந்த பிறகுதான் முழு மனதோடு வேலை பழகினேன்.

மருத்துவக் காரணத்தால் பறப்பை இழந்தவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நிறம் பிரித்தறிவதில் குறை என்று நிறுத்தப்பட்டிருந்தால் வயரிங் வேலை உங்களுக்கு உகந்ததல்ல. இந்த நாட்டில் பழைய வீடுகளில் சிவப்பு லைவ் (மின்சாரம் வரும் கம்பி), கறுப்பு நியூட்ரல் (அது திரும்பும் கம்பி), பச்சை எர்த் (நிலத்தோடு இணைக்கும் கம்பி). புதிய வீடுகளில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இரண்டு தலைமுறைக் கம்பிகளும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் வீடுகள் நிறைய உண்டு. வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, தலைசுற்று இருந்தவர்கள் ஏணியும் உயரமும் இல்லாத தொழிலைப் பாருங்கள். எரிந்த மோட்டருக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றும் வேலையை மேசையில் அமர்ந்தே செய்யலாம். அதற்கு வன்னியில் எப்போதும் தேவை உண்டு.

பணக் கணக்கையும் வெளியேறும் முன்பே முடியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு நிறைத்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பிறகு 30 நாள். இலங்கை நிறுவனத்தில் இருந்தவருக்கு ஊழியர் நம்பிக்கை நிதியம் இருக்கும். முதலாளி மாதந்தோறும் சம்பளத்தின் 3 வீதத்தை அதில் போட்டிருப்பார். வேலையை விட்டதும் அதைக் கோரலாம். வந்த பணத்தில் வீட்டுக்கு மாபிள் பதிக்காதீர்கள். பதினெட்டு மாதச் சாப்பாட்டுக்கு அதை ஒதுக்கி வையுங்கள். பழகும் காலத்தில் வருமானம் அவ்வளவு குறைவாக இருக்கும்.

எந்தத் தொழில் என்பதை ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஒருநாள் மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் போங்கள். பிறகு உள்வீதிகளுக்குள் இறங்குங்கள். நெல் ஆலைகள், தோட்டக் கிணறுகள், குழாய்க்கிணறுகள், கடைகளிலும் வங்கிகளிலும் குளிரூட்டிகள், முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு ஐஸ், வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசில் எழும் மாடி வீடுகள், கூரைகளில் சோலார். எது பழுதானால் ஒருவர் அன்றைக்கே ஆளைத் தேடுவார் என்று பாருங்கள். மிளகாய்த் தோட்டம் சித்திரை வெயிலில் நிற்கும்போது மோட்டர் நின்றால், அந்த விவசாயி மறுநாள் வரை பொறுக்க மாட்டார். மீன் உறைபெட்டி நின்றால் அன்று மாலைக்குள் சரக்கே போய்விடும். இப்படித் தேடி அழைக்கப்படும் தொழில்தான் புதியவரைத் தாங்கும்.

விமானப் பணிப்பெண்ணாக இருந்த சகோதரிகள் "இது ஆண்களின் வேலை அல்லவா?" என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். வன்னியில் போருக்குப் பிறகு பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் மிகப் பல. பகலில் தனியாக இருக்கும் ஒரு பெண் முன்பின் அறியாத ஆணை வீட்டின் உள் அறை வரை விடத் தயங்குகிறார். அதனாலேயே பழுதான பிளக்கோடு மாதக்கணக்கில் இருக்கிறார். அந்த வாசல் உங்களுக்குத் திறக்கும். புகை வந்தால், தீ வந்தால், பயணி மயங்கினால் என்ன செய்வது என்று ஆண்டுதோறும் பயிற்சி எடுத்த உங்களுக்குப் பதறாத கை இருக்கிறது. அதை எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் எளிதில் கற்றுத் தர முடியாது.

சான்றிதழ் வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்னும் ஏணிக்கு ஏழு நிலைகள் உண்டு. 1 முதல் 4 வரை தொழிற்சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு இணை. மின்னிணைப்பாளராக நிற்க விரும்புபவர் மூன்றாம் நிலையைத் தாண்டி நான்கைக் குறி வையுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும், வேலைத்தளத்திலேயே பழக வழிசெய்யும் பயிலுநர் பயிற்சி அதிகார சபையும் உண்டு. சேர்க்கும் மாதமும் வயது வரம்பும் நிலையத்துக்கு நிலையம் மாறும். தொலைபேசியில் விசாரிக்காமல் நேரில் போய்ப் பயிற்றுநரிடமே பேசுங்கள்.

முன்பே தொழில் தெரிந்தவருக்கு இன்னொரு கதவு உண்டு. முழுப் பாடநெறியில் உட்காராமல், செய்த வேலைகளின் சான்றுகளைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றித் தகைமை பெறலாம். விமானப் பழுதுபார்ப்பில் மின்பிரிவில் இருந்தவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மற்றவர்களும் முதல் நாளிலிருந்தே செய்த ஒவ்வொரு வேலைக்கும் திகதி, இடம், செய்தது, மேற்பார்த்தவர் கையொப்பம் என ஒரு கொப்பி வைத்திருங்கள். நமக்குத்தான் அந்தப் பழக்கம் கையில் ஊறியது ஆயிற்றே. என் கொப்பியைப் புரட்டிய மதிப்பீட்டாளர் இருபது நிமிடம் வேறெதுவும் பேசாமல் அதையே படித்தார்.

ஒருவரின் கீழ் பழகும் காலம்

கட்டுரையின் நடுத்தண்டு இதுதான். வகுப்பறை விதிகளைச் சொல்லித் தரும். சுவருக்குள் குழாய் எங்கே வளைந்து போயிருக்கும், வீட்டுக்காரர் சொல்லாமல் மறைப்பது என்ன, எந்தச் சத்தம் கேட்டால் மோட்டரை உடனே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஒரு தேர்ந்த தொழிலாளியின் அருகில் நின்றால்தான் வரும். குறைந்தது ஓராண்டு நில்லுங்கள்.

எனக்குப் பழக்கியவர் என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை "அண்ணை" என்பார், நான் அவரைத் "தம்பி" என்பேன். ஆனால் வேலைத்தளத்தில் சொல்வது அவர், செய்வது நான். முதல் மூன்று மாதம் சுவர் வெட்டினேன், சீமெந்துத் தூசி விழுங்கினேன், குழாய்க்குள் உருக்குக் கம்பி விட்டு வயர் இழுத்தேன், ஏணி பிடித்தேன். மாலையில் கை எரியும். ஒரு முறை எங்கள் தெருவிலேயே வேலை வந்தது. "விமானம் ஓடின பிள்ளை சுவர் கொத்துகிறது" என்று ஒருவர் அம்மாவின் காதுபடவே சொன்னார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. அரசாங்க உத்தியோகத்தைத் தவிர மற்றதெல்லாம் சறுக்கல் என்று நினைக்கும் ஊரில் இது உங்களுக்கும் நடக்கும். அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. அதே தெருவில் அடுத்த மழைக்கு மின்சாரம் தாக்காமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பிறகு அந்தப் பேச்சு தானாகவே நின்றது.

பறப்பில் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த ஒரு பாடம் இங்கே உயிரைக் காக்கும். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் நிற்கிறதோ என்று ஐயத்தோடு கேட்டார். தலைமை விமானி அதைத் தள்ளிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். இளையவர் ஐயத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மூத்தவர் காது கொடுக்க வேண்டும் என்ற பயிற்சி அதற்குப் பிறகே உலகெங்கும் பரவியது. வேலைத்தளத்திலும் அதே உறவுதான். வேலை தெரிந்தவர் "லைன் ஓப் (மின்சாரம் நிறுத்தியாயிற்று), தொடு" என்று சொல்வார். நீங்கள் புதியவர். ஆனாலும் அளந்து பார்க்காமல் தொடக்கூடாது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள் நினைவிருக்கும். அப்போது ஒரு கடைத்தொகுதியில் வேலை. ஊரெங்கும் மின்சாரமில்லை, மெயின் சுவிட்சும் இறக்கியாயிற்று. தம்பி அவசரத்தில் இருந்தார். நான் பழக்க தோஷத்தால் மீட்டரை எடுத்து வைத்தேன். 228 வோல்ட் காட்டியது. பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேட்டரை ஓடவிட்டு, இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயர் ஒன்றால் தன் சுவர்ப் பிளக்குக்குள் கொடுத்திருந்தார். இரு கடைக்கும் முன்பு ஒரே இணைப்பாக இருந்த காலத்துப் பழைய கம்பியொன்று சுவருக்குள் துண்டிக்கப்படாமலே கிடந்திருக்கிறது. தம்பி அந்த இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு தேநீர் முடியும் வரை இருவரும் பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் வேலையில் அளக்காமல் யாரும் கை வைப்பதில்லை.

அளக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. முதலில் மின்சாரம் இருப்பது நிச்சயமான ஓரிடத்தில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் லைவ்–நியூட்ரல், லைவ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளவுங்கள். கடைசியாக மீண்டும் அந்த முதல் இடத்துக்குப் போய் மீட்டர் இடையில் செத்துவிடவில்லை என்று உறுதி செய்யுங்கள். சட்டைப்பையில் குத்தும் டெஸ்டரை மட்டும் நம்பி யாரும் உயிரை ஒப்படைக்க வேண்டாம். அதில் விளக்கு எரியாததற்கு மின்சாரம் இல்லாதது மட்டுமே காரணம் அல்ல.

விமானத்தில் கற்றதில் மறக்க வேண்டியவை

விமானப் பழுதுபார்ப்பிலிருந்து வருபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். விமானத்தில் நமக்குப் பழகியது 28 வோல்ட் நேர்மின்னும், 400 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் 115 வோல்ட் மாறுமின்னும். வீட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எண் மாறுவது பெரிதல்ல, எண்ணம் மாற வேண்டும். உலோக விமானத்தில் உடற்கூடே மின்னோட்டம் திரும்பிப் போகும் பாதை. வீட்டில் எர்த் கம்பி திரும்பும் பாதை அல்ல. சாதாரண வேளையில் அதில் மின்னோட்டமே ஓடக்கூடாது. நியூட்ரல் அறுந்துபோன இடத்தில் "உலோகம்தானே" என்று எர்த்தை நியூட்ரலாகக் கட்டியவரை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்தது. கூடவே அந்த வீட்டின் கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டர் எல்லாவற்றின் உடம்பிலும் மின்சாரம் ஏறியது. அவர் கெட்டிக்காரர், பதினொரு ஆண்டு அனுபவம் உள்ளவர். அந்த அனுபவம்தான் அவரை ஏமாற்றியது.

இன்னொன்று. விமானத்தில் ஒவ்வொரு செயலுக்கும் யாரோ எழுதித் தந்த கையேடு இருக்கும். இங்கே இருக்காது. வரைபடம் இல்லாத வீடு, பெயர் எழுதாத சுவிட்சு, மூன்று பேர் மூன்று காலத்தில் கட்டிய வயரிங். கையேட்டைத் தேடிச் சோர்ந்துபோகாமல் நீங்களே எழுதத் தொடங்குங்கள். நான் சிறிய அட்டைகளில் சரிபார்ப்புப் பட்டியல் எழுதிக் கருவிப் பையில் வைத்திருக்கிறேன். ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானாக வெட்டிவிடும் சுவிட்ச்) விழும் வீட்டுக்கு ஒன்று, நின்றுபோன மோட்டருக்கு ஒன்று, புதிய இணைப்பை ஏற்றும் முன் ஒன்று. மனப்பாடமாகத் தெரிந்த பின்னும் அட்டையைப் பார்த்தே செய்கிறேன்.

வன்னி மண்ணில் தெரிந்திருக்க வேண்டியவை

இங்கே வீட்டுக்கான எர்த்தை மின்சார சபைக் கம்பி கொண்டுவந்து தருவதில்லை. வளவுக்குள் நாமே நிலத்தில் உலோகத் தண்டு இறக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அந்தத் தண்டின் தடை மிகவும் ஏறிவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள். தடை 100 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் கசியும் மின்னோட்டம் 2.3 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் தானாக விழும் சுவிட்ச்) அதற்கு அசையாது. மோட்டரின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும், ஈரக் கையோடு ஒரு குழந்தை தொடும் வரை. 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே அதைப் பிடிக்கும். ஆகவே ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி நேரடியாக வயர் இழுத்துத் தரும்படி எவர் கேட்டாலும், உறவினரே ஆனாலும், செய்யாதீர்கள். அந்த வேலையை விட்டு வாருங்கள். கசிவு எங்கே என்று தேடிக் கொடுப்பதே நம் தொழில். வீட்டாருக்கு மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தப் பழக்கிவிட்டு வாருங்கள்.

தண்டு இறக்கும் முன், கம்பத்துக்குக் குழி வெட்டும் முன், அந்த நிலத்தின் வரலாற்றைக் கேளுங்கள். முகமாலைப் பக்கமும் முல்லைத்தீவின் சில பகுதிகளும் போரின் கண்ணிவெடிகளைச் சுமந்த நிலங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை தெரிந்தால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், பற்றையாகக் கிடந்த வளவு என்றால் வீட்டாரையும் அயலையும் கிராம அலுவலரையும் கேட்டுவிட்டே அலவாங்கை எடுங்கள். மண்ணில் துருப்பிடித்த உலோகம் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

மோட்டரைப் பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சட்டப்படி 230 வோல்ட்டிலிருந்து 6 வீதம் ஏறி இறங்கலாம். அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. சிறுபோகக் காலத்தில் நீண்ட கிராமத்து லைனின் கடைசித் தோட்டத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் இறைக்கும்போது அதற்கும் கீழே இறங்குவதை அளந்திருக்கிறேன். குறைந்த வோல்ட்டில் மோட்டர் அதே சுமையை இழுக்க அதிக மின்னோட்டம் எடுக்கும், சூடேறும், எரியும். புதிய மோட்டர் வாங்கச் சொல்லும் முன், ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து, தகட்டில் எழுதியுள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒரு குதிரைவலு என்பது 746 வோட். தொடங்கும் கணத்தில் மோட்டர் ஓட்ட மின்னோட்டத்தைப் போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். மெல்லிய வயரை நூறு மீற்றர் இழுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழை மோட்டரில் இல்லை. வயரை மாற்றிக் கொடுத்த ஒரு தோட்டத்தில், ஆண்டுக்கு ஒன்று எரிந்த மோட்டர் மூன்று ஆண்டாக ஓடுகிறது. நேரத்தைப் பங்கிட்டு இறைக்கும்படி அயல் தோட்டக்காரர்களைப் பேசி இணக்கிவிட்டாலும் பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் எப்போதும் இருக்கும். நெல் வைத்த அறையில் எலி வயரைக் கடித்திருக்கும். முல்லைத்தீவு, கொக்கிளாய்க் கரையில் உப்புக்காற்று முனைகளைப் பச்சையாக அரித்துவிடும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதுபோல் மீண்டும் வந்தால், மூழ்கிய மோட்டரையோ பிளக்கையோ வெள்ளம் வடிந்த அன்றே ஏற்றிப் பார்க்காதீர்கள். கழற்றி, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, நாட்கணக்கில் உலர்த்தி, மெகர் என்னும் 500 வோல்ட் சோதனைக் கருவியால் காப்புத் தடையை அளந்து, ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி நேரத்தில் கம்பத்திலும் கூரையிலும் நிற்காதீர்கள். திரண்டு வரும் மேகத்தைப் பார்த்து விமானத்தைத் திருப்பியவர்கள் நாம். கூரையிலிருந்து இறங்கவும் அதே மேகத்தைப் பார்த்தால் போதும்.

காசு

வயரிங் வேலைக்குப் பொயின்ட் கணக்கில், அதாவது விளக்கு, பிளக் என ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு என்று, விலை பேசுவதே வழக்கம். பொருளுக்குத் தனி, கூலிக்குத் தனி என்று எழுதிக் கொடுங்கள். விவசாயியின் கையில் காசு வருவது காலபோக அறுவடை முடிந்து, மாசி பங்குனியில். அதற்கு முன் கேட்டாலும் அவரிடம் இருக்காது, பொய்யும் சொல்ல மாட்டார். நான் பொருளின் விலையை முன்பணமாக வாங்குகிறேன், கூலியை அறுவடைக்குப் பொறுக்கிறேன், இரண்டையும் இருவரும் கையொப்பமிட்ட தாளில் வைக்கிறேன். ஐந்து ஆண்டில் ஏமாற்றியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வெளிநாட்டிலிருப்பவரின் வீடு கட்டும்போது மட்டும், காசு அனுப்புபவரிடமே படத்தோடு கணக்கை நேரே அனுப்புங்கள். நடுவில் நிற்கும் உறவுக்காரருக்கும் அது நிம்மதி.

கருவிகளை ஒரேயடியாக வாங்க வேண்டாம். நல்ல மல்டிமீட்டர், காப்புப் பிடி உள்ள குறடுகளும் திருப்புளிகளும், கவ்வி அளக்கும் ஆம்பியர் மீட்டர், நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்த உறுதியான ஏணி, ரப்பர் அடிப் பாதணி. மெகர் விலை அதிகம். முதலில் இருவராகச் சேர்ந்து வாங்கலாம். அளக்கும் கருவியில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். தனியாகத் தொழில் தொடங்கியதும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிடுங்கள். பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், நெல் ஆலை வேலைகளுக்கு அந்தத் தாளைக் கேட்பார்கள்.

தனியாகச் செய்யும் முதல் வேலை

சிறியதாக எடுங்கள். இரண்டு அறை வீடு, அல்லது ஒரு கிணற்று மோட்டர் இணைப்பு. பழக்கியவரிடம் முன்கூட்டியே சொல்லி, மின்சாரம் ஏற்றும் முன் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். என் முதல் வேலைக்குத் தம்பி வந்து எதையும் தொடாமல் நின்றார். நான் அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன், அவர் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பேர் விமானத்தை ஏற்பாடு செய்வதுபோலவே இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, அவர் அதைக் கவனித்துக்கொண்டே மெயின் சுவிட்சை என் கைக்கு விட்டார்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, எர்த் தண்டு வளவில் எங்கே, அன்று அளந்த எண்கள், திகதி ஆகியவற்றை அடுத்து வருபவருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். பொலித்தீன் உறையிலிட்டு மெயின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். கீழே உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள். கார்த்திகையின் முதல் பெருமழை இரவில் அந்த வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழும்போது, டோர்ச் வெளிச்சத்தில் அவர்கள் தேடுவது அந்த இலக்கத்தைத்தான்.